பச்சை பூசாத கதவு

மேவிஸ் கிளெக்குக்கு ஒருவரைப் பிடிக்காமல் போய்விட்டால் அந்த வீட்டு நாய்க்குக்கூட அவள் வாயிலிருந்து நல்ல வார்த்தை கிடைக்காது. பக்கத்து வீட்டு பெரிலோடு அவள் பதினைந்து வருஷம் பேசவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒரே சுவர். அந்தப் பக்கம் பெரில் தும்மினால் இந்தப் பக்கம் மேவிஸின் அலமாரியில் கோப்பை ஆடும். தெருவில் எதிரெதிரே வந்துவிட்டால் ஒருத்தி இந்த நடைபாதைக்கும் மற்றவள் எதிர் நடைபாதைக்கும் மாறிக்கொள்வார்கள்.

சண்டை ஒரு கதவில் ஆரம்பித்தது.

லார்ச் தெருவின் வீடுகளெல்லாம் ஊர் நிர்வாகமான கவுன்சில் கட்டி வாடகைக்கு விட்டவை. வாசல் கதவெல்லாம் ஒரே பச்சை. அதை நல்ல பச்சை என்று சொல்ல முடியாது. வறுத்த மீனோடு தட்டில் விழும் குழைந்த பட்டாணி மறுநாள் காலையில் ஒரு நிறத்துக்கு வருமே, அந்தப் பச்சை. சில வருஷங்களுக்கு ஒருமுறை கவுன்சிலின் பெயிண்டர்கள் வண்டியில் வந்து, கீழ்முனையில் ஆரம்பித்து மேல்முனையில் முடிப்பார்கள். என்ன நிறம் வேண்டும் என்று யாரையும் கேட்டதில்லை. கேட்பார்கள் என்று யாரும் எதிர்பார்த்ததுமில்லை.

மேவிஸுக்கு அந்தப் பச்சை என்றால் உயிர். அதற்குக் காரணம் உண்டு.

அவள் பிறந்து வளர்ந்தது கால்வாய்க் கரையில், தரைக்குக் கீழே இருந்த ஒற்றை அறையில். அம்மா பஞ்சாலையில் வேலை பார்த்தாள். சுவரில் எப்போதும் தண்ணீர் கசியும். அம்மா செய்தித்தாளைப் பசை தடவி ஒட்டுவாள், விடிந்தால் அது தரையில் கிடக்கும். தம்பி ஆர்னல்ட் சுவரோரம் படுப்பான், ஏனென்றால் கட்டிலில் அவன்தான் சின்னவன், விழுந்துவிடக் கூடாது. நாலு வயதில் ஒரு குளிர்காலத்தில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டி, வசந்தம் வருவதற்குள் போய்விட்டான். வாடகைக்கு விட்டிருந்த புண்ணியவான் சாவுக்கு ஒரு மலர் வளையம் அனுப்பினான். சுவரைப் பூசிக் கொடுக்கவில்லை.

அதனால்தான், கல்யாணமாகி, கவுன்சில் வீட்டுக்கான வரிசையில் வருஷக்கணக்காகக் காத்திருந்து, ஐம்பத்தேழில் லார்ச் தெரு வீட்டின் சாவி கைக்கு வந்தபோது மேவிஸ் சமையலறையைப் பார்க்கவில்லை, தோட்டத்தைப் பார்க்கவில்லை. நேரே படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு கன்னத்தை வைத்தாள்.

"காஞ்சிருக்கு, டெட்," என்றாள் புருஷனிடம்.

அதே வாரம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர்கள்தான் பெரிலும் அவள் புருஷன் ராயும். இரண்டு பெண்களும் நகமும் சதையுமாகிவிட்டார்கள். டீ கொதித்துவிட்டால் கணப்படுப்பின் பின்சுவரில் தீக்கிளறும் கம்பியால் மூன்று தட்டு. கேட்டதும் மற்றவள் ஏப்ரனோடு வந்துவிடுவாள். மேவிஸுக்கு லொரெய்ன் பிறந்த அன்று மருத்துவச்சி வருவதற்குள் குழந்தையைக் கையில் வாங்கியதே பெரில்தான். குடியிருப்போர் சங்கத்தை இருவரும் சேர்ந்துதான் நடத்தினார்கள். சத்தம் போடுவது மேவிஸ். டீ போடுவதும், கோடையில் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதும் பெரில்.

பிறகு அந்தச் சட்டம் வந்தது. கவுன்சில் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் அதே வீட்டை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். எத்தனை வருஷம் இருந்தாரோ அதற்கேற்ற தள்ளுபடி. நாற்பது, ஐம்பது வருஷமாக ஊர் வரிப்பணத்தில் கட்டிய வீடுகளைத் துணிக்கடை ஆடித் தள்ளுபடி மாதிரி அள்ளிக் கொடுத்தார்கள். கொடுத்தது போகட்டும். வந்த பணத்தில் புதிதாக வீடு கட்டுகிறேன் என்று கேட்ட ஊர்களின் கையையும் கட்டிப் போட்டார்கள். பசுவை விற்றுவிட்டுப் பால் வரவில்லையே என்று அடுத்த தலைமுறையைப் பார்த்துக் கேட்கிற புத்திசாலிகள்.

பெரிலும் ராயும் எண்பத்திரண்டில் வாங்கினார்கள். வாங்கிய மறு வாரமே பச்சைக் கதவைப் பெயர்த்து எறிந்துவிட்டு, பளபளக்கும் பழுப்புக் கதவும், அதில் சிங்க முகத்தோடு, கதவைத் தட்டும் பித்தளை வளையமும் வைத்தார்கள். வாங்கினவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்தார்கள். கூரை ஒழுகினால் ஒழுகட்டும், முதலில் கதவு. இது எங்களது என்று தெருவுக்குத் தெரிய வேண்டும்.

அன்று சாயங்காலம் மேவிஸ் வாசலில் நின்று அந்தச் சிங்கத்தைப் பார்த்தாள்.

"என்னடி பெரில், அரண்மனைக்குக் குடிவந்துட்டியா? தட்டினா வேலைக்காரன் வந்து திறப்பானா?"

"பொறாமைன்னா பொறாமைன்னு சொல்லிட்டுப் போ," என்றாள் பெரில். "இருபத்தஞ்சு வருஷம் வாடகை கட்டியிருக்கோம். அந்தக் காசுல இந்த வீட்டை எத்தனை தடவை வாங்கியிருக்கலாம்! பணக்காரன் மட்டும்தான் பிள்ளைக்கு வீடு விட்டுட்டுப் போகணுமா? நான் என் பிள்ளைக்கு என்ன விட்டுட்டுப் போறது, வாடகை ரசீதையா?"

"உனக்கு வீடு குடுத்தது இருக்கறதுக்குடி. நீ போனதும் வரிசையில அடுத்து நிக்கிறவளுக்கு அது. நீயும் நானும் அப்படித்தானே வந்தோம்? யாரோ ஒருத்தி அன்னைக்கு வாங்கிப் பூட்டியிருந்தா நாம இன்னும் கால்வாய்க் கரையிலதான் கிடப்போம்."

"அடுத்தவளுக்குக் கவுன்சில் கட்டிக் குடுக்கட்டும். நான் என்ன தடுத்தேனா?"

"கட்ட மாட்டான். உனக்கும் தெரியும், கட்ட மாட்டான்." மேவிஸின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. "ஒரு கவுன்சில் வீடு வித்தா, எங்கேயோ ஒரு குழந்தை ஈரச் சுவத்தோரம் படுக்குது. நீ திருடிடீ, பெரில். வரிசையில நிக்கிற குழந்தைகிட்டேருந்து திருடியிருக்கே."

பெரில் சொன்னதில் பொய் இல்லை. மேவிஸ் சொன்னதிலும் இல்லை. இரண்டு நியாயத்தையும் ஒரே சுவருக்கு இருபுறமும் குடிவைத்துவிட்டு, சட்டம் போட்டவன் தன் ஊருக்குப் போய்விட்டான்.

மேவிஸ் அதோடு விடவில்லை. அந்த மாதமே சங்கக் கூட்டத்தில் ஒரு விதி கொண்டுவந்தாள்: வீட்டை வாங்கினவர் குடியிருப்போர் இல்லை, அவருக்குச் சங்கத்தில் இடமும் இல்லை. கைகள் உயர்ந்தன. பின்னால் டீப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பெரில் ஏப்ரனை அவிழ்த்தாள், நாலாக மடித்து, பாத்திரத்தின் மேல் வைத்தாள், போய்விட்டாள். அந்த வருஷம் கடற்கரைக்கு யாரும் போகவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. சங்கத்தின் டீ அதற்குப் பிறகு வாயில் வைக்கும்படி இருந்ததில்லை என்பதை மேவிஸே ஒப்புக்கொள்வாள், ஆனால் விதியை மாற்ற மாட்டாள்.

அந்த ஒரு வாக்கியம், ஈரச் சுவரோரம் படுக்கும் குழந்தை, அவள் அடையாளமாகிவிட்டது. அட்டையில் எழுதிக் கவுன்சில் வாசலில் தூக்கிப் பிடித்தாள். யாராவது வீட்டை வாங்கினால் அவர் காதில் விழும்படி சொன்னாள். அட்டையின் மறுமுனையைப் பிடித்தவர் வில்ஃப், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சங்கத்தில் அவளுக்கு வலது கை. மேவிஸ் பொழுது மேற்கில் விடிகிறது என்றால், ஆமாம் நானும் பார்த்தேன் என்பார்.

வருஷங்கள் போயின. பெயிண்டர்கள் வரும்போதெல்லாம் அவர்களுக்கு வேலை குறைந்தது. வாங்கிய வீடுகளைத் தாண்டிப் போய், வாடகை வீட்டுக் கதவை மட்டும் பூசினார்கள். பழுப்பு, வெள்ளை, சிவப்பு என்று கதவுகள் மாற, பச்சை சொற்பமாகிவிட்டது. வாங்கினவர்களில் சிலர் விற்றுவிட்டுப் போனார்கள். அதில் இரண்டு வீட்டை எங்கோ இருக்கும் ஒரு முதலாளி வாங்கி, கவுன்சில் கேட்டதைப்போல மூன்று பங்கு வாடகைக்கு விட்டான். அந்தக் கால்வாய்க் கரை வீட்டுக்காரனின் பேரனாகக்கூட இருக்கலாம், யார் கண்டது.

எண்பத்தெட்டில் டெட் இறந்தான். வீடு அவன் பேரில் இருந்தது. கவுன்சில் ஒரு சிக்கலும் இல்லாமல் மேவிஸ் பேருக்கு மாற்றியது. புருஷன் வீடு பெண்டாட்டிக்கு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவளும் யோசிக்கவில்லை.

தொண்ணூறுகளில் லொரெய்ன் கல்யாணம் கசந்து, மகள் ஜெம்மாவைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்கே திரும்பிவிட்டாள். பேக்கரியில் விற்பனை வேலை. வீட்டுக்காக வரிசையில் பெயர் கொடுத்தாள். வரிசை நகரவில்லை, நகர வீடு இருந்தால்தானே. வில்ஃபின் மகள் டெனிஸும் அதே வரிசையில்தான். இரண்டு பையன்களோடு அப்பாவின் முன்னறையில் படுத்தாள். வில்ஃப் இருந்தது தெருக்கோடியில், தனியாக இருக்கும் முதியவர்களுக்கென்று கட்டிய ஒற்றைப் படுக்கையறை வீட்டில். பையன்கள் சோபாவின் மெத்தைகளைத் தரையில் போட்டு ஜன்னலுக்குக் கீழே தூங்கினார்கள். மேவிஸ் டெனிஸுக்காக மாதாமாதம் கவுன்சில் ஆபீஸுக்குப் போய்ச் சண்டை போட்டாள். "டெனிஸுக்கு வீடு வாங்கிக் குடுக்காம நான் சாக மாட்டேன், வில்ஃப்," என்பாள். வில்ஃப் நம்பினார்.

தொண்ணூற்றைந்தில் மேவிஸுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்தாள், ஆனால் படுத்திருந்தபோது ஒன்று மனதில் ஏறிவிட்டது. திரும்பியதும் வீட்டுவசதி ஆபீஸுக்குப் போனாள். இந்த முறை டெனிஸுக்காக இல்லை.

"எனக்கு ஏதாவது ஆயிட்டா வீடு என் மகளுக்கு வருமில்ல?" என்று கேட்டாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞன் மரியாதையான பையன். "இல்லீங்க, மிஸஸ் கிளெக். வாடகை உரிமை ஒரு தடவைதான் கைமாறும். உங்க வீட்டுக்காரர்கிட்டேருந்து உங்களுக்கு வந்துச்சு இல்லையா, அதுதான் அந்த ஒரு தடவை."

"புருஷன் செத்து, பொண்டாட்டி அதே கட்டில்ல படுக்கறது கைமாறினதா?"

"சட்டப்படி ஆமாங்க."

"அப்போ என் பொண்ணும் பேத்தியும்?"

"காலி பண்ணணும். வேற இடம் கிடைக்குமான்னு பார்ப்போம். ஆனா வரிசை ரொம்பப் பெருசு."

"வரிசையைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதே தம்பி, அதுக்காகப் பதிமூணு வருஷமா கத்திக்கிட்டு இருக்கிறவ நான்."

அவன் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். "ஒரு வழி இருக்கு. நீங்களும் மகளுமாச் சேர்ந்து வாங்கிடலாம். இத்தனை வருஷம் இருந்திருக்கீங்க, தள்ளுபடி நல்லாவே வரும்."

மேவிஸ் எழுந்தாள். ஆபீஸிலிருந்து அவள் கத்தாமல் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

வீட்டில் லொரெய்ன் விடவில்லை. "உன் கொள்கையை வச்சுக் கூரை போட முடியுமாம்மா? நீ போன மறு மாசம் என்னையும் ஜெம்மாவையும் தெருவுல நிறுத்துவாங்க. அன்னைக்கு அந்த அட்டையைத் தலைக்கு மேல பிடிச்சுக்கவா, மழைக்கு?"

"பெரிலைத் திருடின்னு சொன்ன வாயாலயா நான் இதை..."

"பெரில் மகனுக்கு வீடு இருக்கு. உன் மகளுக்கு இல்ல. அவ்வளவுதான் கணக்கு."

மேவிஸ் இரண்டு வாரம் மகளோடு சரியாகப் பேசவில்லை. ஒரு நாள் காலையில் பேத்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்குவதைப் பார்த்தாள். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டாள்.

"ஆனா ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது," என்றாள். "கதவு பச்சையாவே இருக்கும்."

இங்கேதான் அவள் செய்த தப்பு. வாங்கியதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன், சொல்கிறவர்கள் முதலில் தங்கள் மகளைத் தெருவில் நிறுத்திப் பார்க்கட்டும். வாங்கிவிட்டுச் சங்கத் தலைவி நாற்காலியில் உட்கார்ந்தாளே, அது தப்பு. மாதாமாதம் கூட்டம் நடத்தினாள். அட்டையைத் தூக்கினாள். வில்ஃபைப் பார்த்து, "டெனிஸ் விஷயமா நாளைக்குப் போறேன்," என்றாள். போகவும் செய்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு, சோற்றையும் ஊருக்கு அவளே பரிமாறினாள்.

அறிந்தவள் ஒருத்தி இருந்தாள். வீட்டை மதிப்பிட வந்தவர் ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்தபோது, அந்தப் பக்கம் பெரிலின் டிவி சத்தம் சட்டென்று அடங்கியது. அவர் தட்டி முடிக்கும்வரை அடங்கியே இருந்தது. பெரில் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று மேவிஸுக்குத் தெரிந்தது. மறுநாள் தெரு முழுக்கப் பரவிவிடும் என்று பயந்தாள். பரவவில்லை. அடுத்த வாரமும் பரவவில்லை. ராய் போய்ச்சேர்ந்து தனியாக இருந்த பெரில் வழக்கம்போல நடைபாதை மாறினாள், ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை. அது மேவிஸை இன்னும் எரித்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். சும்மா இருப்பவளை என்ன செய்வது?

மேவிஸ் எல்லாவற்றையும் யோசித்திருந்தாள், பெயிண்டர்களை மட்டும் மறந்துவிட்டாள்.

தொண்ணூற்றேழு ஜூனில் ஒரு காலை வண்டி வந்து நின்றது. கீழ்முனையிலிருந்து ஒவ்வொரு வாடகை வீட்டுக் கதவாகச் சுரண்டிப் பூசிக்கொண்டே வந்தார்கள். மேவிஸ் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். மேஸ்திரி, கொழுத்த, நல்ல மனிதர், மேவிஸ் வீட்டுக்கு முன் வந்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். பச்சைக் கதவைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போனார்.

அவ்வளவோடு முடிந்திருக்கலாம். ஆனால் எதிர்ப்புறம் வில்ஃப் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"யோவ்! அந்தக் கதவை விட்டுட்டியே!"

"அது இல்லீங்க பெரியவரே," என்றார் மேஸ்திரி.

"இல்லியா? பச்சையா நிக்கிது, கண்ணு தெரியலையா? அது மேவிஸ் கிளெக் வீடுய்யா! இந்தத் தெருவுல கடைசி வாடகைக்காரியா இருக்கப் போறது அவதான்."

"என் தாள்ல இல்லீங்க."

வில்ஃபுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஓஹோ. புரிஞ்சுபோச்சு. உங்க ஆபீஸை எதிர்த்துக் கத்தறாள்ல, அதுக்குப் பழி வாங்குறீங்க. கதவைப் பூசாம அவமானப்படுத்துறீங்க. ஏய், எல்லாரும் வாங்க இங்க! பாருங்க இவனுங்க பண்றதை!"

வெறும் வாயை மெல்லுகிற தெருவுக்கு அவல் கிடைத்தது. கதவுகள் திறந்தன. பழுப்புக் கதவு, வெள்ளைக் கதவு, பச்சைக் கதவு எல்லாம். ஆளுக்கொன்று சொன்னார்கள். வில்ஃப் மேஸ்திரியின் வாளியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அறுபத்தெட்டு வயது மனிதர், பெயிண்ட் கால்சட்டையில் வழிய, மேவிஸுக்காகச் சண்டை போட்டார். பெரில் தன் வாசலுக்கு வந்து, சிங்க முகத்தில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மேவிஸ் கதவைத் திறந்தாள்.

"நீ உள்ள போ மேவிஸ், உன் நெஞ்சுக்கு ஆகாது. நான் பார்த்துக்கறேன்," என்றார் வில்ஃப்.

மேஸ்திரிக்கு அலுத்துவிட்டது. "சரிம்மா. ஏதோ எழுத்துப் பிழையா இருக்கும். ஒரு கதவுதானே, பூசிட்டுப் போறேன். ஆளை விடுங்க." தூரிகையை வாளியில் தோய்த்தார்.

மேவிஸ் சும்மா நின்றிருந்தால் போதும். கால் மணி நேரத்தில் கதவு புதுப் பச்சையாகியிருக்கும். கவுன்சிலை வென்றதாக வில்ஃப் ஒரு மாதம் பேசியிருப்பார். அவள் வாயைத் திறக்காமல்தான் நின்றாள். தூரிகை கதவுக்கு அருகே வந்தது.

அப்போது பெரில் பேசினாள். பதினைந்து வருஷத்தில் முதல் தடவை. மேவிஸிடம் பேசவில்லை, பெயிண்டரிடம்.

"நல்லாப் பூசுங்கப்பா. ரெண்டு கை பூசுங்க. ஒரு கைன்னா அடியில இருக்கறது தெரியும்."

மேவிஸின் முகம் வெளுத்தது. அவளை எங்கே தொட்டால் வலிக்கும் என்று பெரிலுக்கு மட்டும்தான் தெரியும்.

"பூச வேண்டாம்," என்றாள் மேவிஸ்.

"ஏன் வேண்டாம்? உன் உரிமை அது!" என்றார் வில்ஃப்.

"என் உரிமை இல்ல. வாங்கிட்டேன், வில்ஃப். போன வருஷம். நானும் லொரெய்னும்."

வில்ஃப் சிரித்தார். தமாஷ் என்று நினைத்துவிட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார், பெரிலைப் பார்த்தார், மேஸ்திரியின் தாளைப் பார்த்தார். வாளியை விட்டார். பச்சை வழிந்த கையைக் கால்சட்டையில் துடைத்தார்.

"லொரெய்னை வெளிய அனுப்பிடுவாங்க, வில்ஃப். ஜெம்மாவை. வேற வழி இல்ல. டெட் செத்தப்போ எனக்கு வந்ததே ஒரு தடவைன்னு..."

"போன வருஷமா?"

"ஆமா."

"அதுக்கப்புறமும் டெனிஸுக்காக அட்டையைத் தூக்கிக்கிட்டு வந்தே. நான் ஒரு முனை, நீ ஒரு முனை." அவர் குரல் உயரவில்லை. கத்தியிருக்கலாம். "ஒரு வீடு வித்தா ஒரு குழந்தை ஈரச் சுவத்தோரம் படுக்குதுன்னு எழுதியிருக்கும் அதுல. எந்தக் குழந்தை, மேவிஸ்?"

மேவிஸ் தெருக்கோடிப் பக்கம் பார்த்தாள்.

"நான் சொல்லவா?" என்றார் வில்ஃப். சொல்லவில்லை. கீழே வைத்திருந்த ரொட்டியை எடுத்துக்கொண்டு, தெருக்கோடியை நோக்கி நடந்தார்.

பெயிண்டர்கள் அடுத்த பச்சைக்குப் போனார்கள்.

அந்த வாரமே சங்கம் கூடியது. மேவிஸ் சங்க அறையின் சாவியை மேஜைமேல் வைத்தாள். பலருக்கு அவள்மேல் கோபத்தைவிடப் பழக்கம் அதிகம். "மேவிஸ் வேற, மத்தவங்க வேற," என்றாள் ஒருத்தி. "அவ சம்பாதிக்கவா வாங்கினா? விதியைத் தூக்கிட்டாப் போச்சு. கையைத் தூக்குங்க." நாலைந்து கைகள் உயர்ந்தன. வில்ஃப் மடியில் கைவைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் சில கைகள் எழுந்தன.

மேவிஸ் திரும்பிப் பார்த்தாள். டீப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், கதவோரமாக, பெரில் நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் அழைக்கவில்லை.

"கையை இறக்குங்க," என்றாள் மேவிஸ். "அவளை ஒரு விதி போட்டு வெளிய அனுப்பினீங்க. நான்தான் அனுப்பச் சொன்னேன். இப்போ எனக்குன்னா விதியே வேண்டாமா? வெக்கங்கெட்டவங்களே, இறக்குங்க கையை."

இறக்கினார்கள். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் பெரிலும் வந்தாள். ஒரே சுவர்க்காரிகள், போக வேண்டியதும் ஒரே வழி. இன்னும் வெளிச்சம் இருந்தது. மேவிஸ் வழக்கப்படி எதிர் நடைபாதைக்கு மாறினாள். பெரிலும் தெருவைக் கடந்து அதே நடைபாதைக்கு வந்தாள்.

"ஊருக்குத்தான் உபதேசம்னு சொல்லுவாங்களே, அது இதுதானா?" என்றாள் பெரில்.

"பேசாதே."

"பதினஞ்சு வருஷம் பேசாமத்தான் இருந்தேன். திருடின்னியே என்னை, என் வாசல்லயே வச்சு, ராய் கேக்க. இப்போ சொல்லு பார்க்கலாம்."

"இப்பவும் சொல்றேன். நீ திருடிதான்." மேவிஸ் நாலடி நடந்தாள். "நானும்தான்."

"ஐயோ, என்னை உன்னோட சேர்க்காதே! நான் கதவை மாத்தி ஊரறிய வாங்கினவ. உன்னை மாதிரி பச்சைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கல. ராய் ஓவர்டைம் பார்த்துக் கட்டின காசு அது."

"தள்ளுபடிக் காசு."

"நீ வாங்கினது மட்டும் முழு விலையா? எவ்வளவு தள்ளுபடி, சொல்லு! என்னைவிட அதிகமாத்தான் இருக்கும்!"

"சுவத்துல காதை வச்சுக் கேட்டியே, அது கேக்கலையா?"

"நான் ஏன்டி காதை வைக்கணும்? சுவரா அது? பிஸ்கட்டு!"

"நீ ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லியிருந்தா உன்னைப் பாவம்னு நாலு பேர் பேசியிருப்பாங்க. நீயே உன் வாயால சொல்லணும்னு இருந்தேன். சொல்ல வச்சேன் பார்."

"பாம்புடி நீ."

"ஒரு சுவத்துல ரெண்டு பாம்பு."

இப்படியே கத்திக்கொண்டு இரண்டு பெண்களும் லார்ச் தெருவில் ஏறினார்கள். ஜன்னல்களில் திரைகள் விலகின. பதினைந்து வருஷத்துக்குச் சேர்த்துவைத்த வசவு, சீக்கிரம் தீர்கிறதாக இல்லை. கடற்கரைப் பயணம் நின்றதற்கு யார் காரணம் என்பதில் ஆரம்பித்து, டெட்டின் சாவுக்குப் பெரில் வராததுவரை போனார்கள். வந்தேன், வாசல் வரை வந்தேன், நீ முகத்தைத் திருப்பினாய் என்று பெரில் சொல்லிக்கொண்டிருந்தபோது, தெருக்கோடியில் வில்ஃபின் வீடு வந்தது.

முன்னறை ஜன்னலில் திரை போட்டிருந்தார்கள். திரைக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒரு சின்னக் காலுறை காயப் போட்டிருந்தது. கண்ணாடியின் உட்புறம் நான்கு பேர் மூச்சில் நனைந்து, அடிப்பக்கம் தண்ணீர் கோடுகோடாக இறங்கியிருந்தது. உள்ளே டெனிஸ் பையன்களைத் தூங்கவைக்க ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த வீட்டைத் தாண்டும்வரை செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடந்தார்கள்.